பதின்மூன்று டாலரும் ஒரு துண்டு நிலமும்

வரலாற்று நூல்களில் பெருந்தொகைகளுக்குத் தனி இடம் உண்டு. போருக்கு ஆன செலவும், அரண்மனைக்கு ஆன செலவும், அணைக்கட்டுக்கு ஆன செலவும் காசு குறையாமல் எழுதி வைக்கப்பட்டுள்ளன. சிறு தொகைகளின் கதையை எழுதி வைப்போர் சிலரே. ஓர் ஏழைக் குடும்பத்திற்கு விதை வாங்கக் கொடுத்த பணம், ஒரு தெருவோரத்து வெற்று மனையைச் சுத்தப்படுத்தக் கொடுத்த பணம், பள்ளிச் சிறுவர்கள் செடி நட்டுப் பழகக் கொடுத்த பணம் ஆகியவை எந்த மன்னனின் கல்வெட்டிலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் மனிதர்கள் ஒருவரை ஒருவர் எப்படி மதித்தார்கள் என்பதை அறிய விரும்பும் நமக்கு இந்தச் சிறு தொகைகள் சொல்லும் செய்தி பெரிது.

அத்தகைய ஒரு தொகையிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குவோம். அத்தொகை 13 டாலர் 80 சென்ட். 1894-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துத் திருக்கோயில்களில், வேலையற்ற ஏழைகள் பயிரிடுவதற்கு விதையும் கருவியும் வாங்குவதற்கென்று திரட்டப்பட்ட காணிக்கை அது. ஒரு பெரிய நகரத்தின் இறைமக்கள் அனைவரும் கூடிக் கொடுத்த பணம் அவ்வளவே. அதைக் கேட்டுப் பெற்றவர் அந்நகரத்தின் மேயர்.

குதிரையை விற்ற மேயர்

ஹேசன் பிங்க்ரீ காலணி செய்து விற்றுப் பொருள் ஈட்டியவர். 1890 முதல் டெட்ராய்டின் மேயராக இருந்தார். 1893-இல் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார நெருக்கடி தாக்கியது. வங்கிகள் மூடப்பட்டன, தொழிற்சாலைகள் நின்றன. போலந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து குடியேறிய ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் டெட்ராய்டில் வேலையின்றித் தெருவில் நின்றார்கள். நகராட்சியின் ஏழைகள் நிவாரண நிதி வற்றத் தொடங்கியது.

அதே நகரத்தின் எல்லைக்குள் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் தரிசாகக் கிடந்தது. விலை ஏறட்டும், பிறகு விற்கலாம் என்று உடையவர்கள் காத்திருந்த நிலம் அது. ஒரு பக்கம் வேலையற்ற கைகள். மறுபக்கம் வேலையற்ற மண். இரண்டையும் ஒன்று சேர்த்தால் என்ன என்று பிங்க்ரீ எண்ணினார். உடையவர்களிடம் அவர் நிலத்தை விலைக்குக் கேட்கவில்லை. ஒரு பருவத்திற்கு மட்டும் இரவல் கேட்டார். அவ்வாறு பெற்ற நிலத்தை உழுது, கால் ஏக்கர் முதல் அரை ஏக்கர் வரையிலான துண்டுகளாகப் பிரித்து, ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுப்பது அவருடைய திட்டம். உழவுக்கும் விதைக்கும் கருவிக்கும் பணம் தேவைப்பட்டது. அதற்காகவே அவர் திருக்கோயில்களின் கதவைத் தட்டினார். கிடைத்ததை மேலே சொன்னோம்.

செய்தித்தாள்கள் அவரைக் கேலி செய்தன. 'உருளைக்கிழங்குப் பிங்க்ரீ' என்னும் பொருள்பட அவருக்குப் பட்டப்பெயரும் சூட்டின. ஏழைகள் சோம்பேறிகள், கொடுத்த விதைக் கிழங்கை நடாமல் தின்றுவிடுவார்கள் என்பது வசதி படைத்தோரின் கணிப்பு. பிங்க்ரீ தாம் அருமையாக வளர்த்த குதிரையை ஏலத்தில் விற்றார். அதன் மதிப்புக்கு மிகவும் குறைவாகச் சில நூறு டாலர்களே கிடைத்தன. அந்தப் பணம் விதையாகவும் கருவியாகவும் மாறியது. தலைவரே தம் உடைமையை விற்ற பிறகு வேறு சிலரும் கொடுக்க முன்வந்தார்கள்.

திட்டம் தொடங்கும்போதே பருவம் தாமதமாகிவிட்டது. ஜூன் மாதம் பிறந்துவிட்டது. நிலமும் வளமானதன்று. எனவே தாமதமாக நட்டாலும் விளையக்கூடிய உருளைக்கிழங்கு, அவரை வகைகள், டர்னிப் கிழங்கு முதலியவற்றை நட்டார்கள். நிலம் கேட்டு வந்தவை ஏறத்தாழ 3,000 குடும்பங்கள். கைவசமிருந்த 430 ஏக்கரைக் கொண்டு 945 குடும்பங்களுக்கே கொடுக்க முடிந்தது. அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தபோது, விளைச்சலின் மதிப்பு செலவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. விதைக் கிழங்கைத் தின்றுவிடுவார்கள் என்று சொல்லப்பட்டவர்கள், தங்களுக்குரிய குளிர்கால உணவைத் தாங்களே மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நியூயார்க், பாஸ்டன், பஃபலோ, பிலடெல்பியா முதலிய நகரங்களும் டெட்ராய்டைப் பின்பற்றின.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. பொருளாதாரம் மீண்டது; தொழிற்சாலைகள் திறந்தன; நிலத்தின் விலை ஏறியது. இரவல் கொடுத்தவர்கள் நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள். பிங்க்ரீ மிச்சிகன் மாநிலத்தின் ஆளுநரானார், 1901-இல் மறைந்தார். அவர் தொடங்கிய தோட்டங்கள் வீடுகளுக்கும் கடைகளுக்கும் அடியில் மறைந்தன. பஞ்ச காலத்து ஏழைக்கு நிலம் ஊன்றுகோலாகக் கொடுக்கப்பட்டது. பஞ்சம் தீர்ந்ததும் ஊன்றுகோல் பறிக்கப்பட்டது. இந்த முடிவை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கதைகளிலும் இது திரும்பத் திரும்ப வரும்.

ஒரு குருவானவரின் தோட்டங்கள்

அதே பத்தாண்டில், கடல் கடந்து பிரான்சு நாட்டிலும் இதே எண்ணம் முளைத்திருந்தது. செடான் என்னும் நெசவு நகரத்தில் பெலிசி எர்வியூ என்னும் பெண்மணி, ஏழைக் குடும்பங்களுக்குப் பிச்சையாகக் கொடுக்கும் பணத்தைக் கொண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அவர்களைப் பயிரிடச் செய்தார். இன்று கொடுத்த ரொட்டி இன்றோடு தீர்ந்துவிடுகிறது, நாளை அதே குடும்பம் அதே வாசலில் வந்து நிற்கிறது என்பதை அவர் கண்கூடாகக் கண்டிருந்தார். சுரங்கத் தொழிலாளர் நிறைந்த சேந்த் எத்தியேன் நகரத்தில், 1894-இல், இயேசு சபைக் குருவும் ஆசிரியருமான பெலிக்ஸ் வோல்பெத் அடிகளார் இதே வழியில் இறங்கினார். பூமிக்கு அடியில் இருளில் பகல் முழுதும் உழைத்தவர்கள், மாலையில் மேலே வந்து தம் குடும்பத்தாரோடு வெளிச்சத்தில் மண்ணைக் கொத்துவதற்கு அவர் இடம் தேடிக் கொடுத்தார்.

இம்முயற்சிகளை நாடளாவிய இயக்கமாக ஆக்கியவர் அருட்தந்தை ஜூல் லெமீர். 1853-இல் பிளாந்தர் பகுதியின் ஒரு சிற்றூரில் பிறந்த அவர், குருவாகி, ஆஸ்ப்ரூக் நகரத்தில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1891-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ, 'ரேரும் நொவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளரின் நிலை பற்றிய அம்மடல், உழைப்பவன் தனக்கென ஓர் உடைமையைப் பெற வழி இருக்க வேண்டும் என்றும், தன் கையால் பண்படுத்தும் மண்ணின்மீது மனிதனுக்கு இயல்பாகவே அன்பு பிறக்கும் என்றும் கற்பித்தது. அதைப் படித்துவிட்டுப் பாராட்டியவர்கள் பலர். படித்ததைப் பாத்தியாக மாற்ற முனைந்தவர் லெமீர்.

1893-இல் அவர் ஆஸ்ப்ரூக் தொகுதியிலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில், அரசை வெறுத்த ஒருவன் நாடாளுமன்ற அரங்கில் குண்டு வீசினான். காயமுற்றவர்களுள் லெமீரும் ஒருவர். உடல் தேறியதும் அவர் தம் பணியைத் தொடர்ந்தார். 1896-இல் 'ஒரு துண்டு நிலமும் அடுப்படியும்' என்று பொருள்படும் பெயரில் ஒரு சங்கத்தை நிறுவினார். நகரத்துத் தொழிலாளிக் குடும்பம் ஒவ்வொன்றும் பயிரிடுவதற்குச் சிறிது நிலமும், தனக்கென ஒரு வீடும் பெற வேண்டும் என்பது அதன் நோக்கம். தோட்டம் ஒரு வழியே, குடும்பத்தின் நலமே இலக்கு என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

சங்கத்தின் கிளைகள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தன. அறக்கொடையாளர்களிடம் சிறு தொகைகளைப் பெற்றன. வேலி, கிணறு, கருவி வைக்கும் சிறு குடிசை ஆகியவற்றை அமைத்தன. 'தொழிலாளர் தோட்டங்கள்' என்று அவை அழைக்கப்பட்டன. பாரிசு மாநகரின் பழைய கோட்டை மதிலுக்கு வெளியே பயனற்றுக் கிடந்த நிலத்திலும் காய்கறி விளைந்தது. 1903-இல் இத்தோட்டங்களைப் பற்றிய மாநாடு பாரிசில் கூடியது. இரண்டு உலகப் போர்களின் பசிக்காலத்தில் இந்தப் பாத்திகள் பல்லாயிரம் குடும்பங்களின் உணவுக் கலயமாயின.

லெமீரின் வாழ்வு எளிதாக இருக்கவில்லை. அவருடைய அரசியல் நிலைப்பாடு திருச்சபை அதிகாரிகளுக்கு உவப்பாக இல்லை. 1914-இல் அவருக்குத் திருப்பணி செய்யும் உரிமை தடை செய்யப்பட்டது. குருவானவர் ஒருவருக்கு அதைவிட வேறு துயரம் என்ன இருக்க முடியும்? 1916-இல் திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் அத்தடையை நீக்கினார். போர்க் காலத்தில் ஆஸ்ப்ரூக் நகரின் மேயராகவும் இருந்து மக்களோடு துன்பத்தைப் பகிர்ந்துகொண்ட லெமீர், 1928-இல் இறக்கும்வரை அத்தொகுதியின் உறுப்பினராகவே இருந்தார்.

அவர் செய்த மற்றொரு செயலே நம் பொருளுக்கு மிக முக்கியமானது. நிலத்தை இரவலாகக் கொடுப்பது போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். எளிய குடும்பத்தின் சிறு வீட்டையும் சிறு நிலத்தையும் கடன்காரன் பறிமுதல் செய்ய முடியாதபடி காக்கும் சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகள் வாதாடினார். 1909-இல் அத்தகைய சட்டம் நிறைவேறியது. அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து, 1952-இல், 'தொழிலாளர் தோட்டங்கள்' சட்டத்தில் 'குடும்பத் தோட்டங்கள்' என்று பெயர் பெற்றன. 1976-இல் வந்த மற்றொரு சட்டம், பொதுத் தேவைக்காக அத்தகைய தோட்டம் ஒன்று கையகப்படுத்தப்பட்டால், அதற்கு ஈடான வேறு நிலத்தைக் கேட்டுப் பெறும் வழியை வகுத்தது. டெட்ராய்டில் கிடைக்காதது பிரான்சில் கிடைத்தது. அங்கே ஒரு பருவத்து இரக்கம் பருவத்தோடு போயிற்று. இங்கே இரக்கம் சட்டமாக வேரூன்றியது.

கொடுப்பவரின் நிபந்தனைகள்

உண்மையைச் சொல்வதானால், இவ்வரலாற்றில் நிழலும் உண்டு. சிறு தொகை கொடுத்தவர்கள் பெரும்பாலும் நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள். குடும்பத் தலைவன் தானே உழைக்க வேண்டும், வேறொருவருக்கு நிலத்தைக் கைமாற்றக் கூடாது, ஞாயிற்றுக்கிழமையில் மண்வெட்டியைத் தொடக் கூடாது, குடிக்கக் கூடாது. இவ்விதிகளுள் சில நல்ல நோக்கம் கொண்டவை. ஆயினும் நன்கொடை பெறுவதற்காக ஏழை தன் ஒழுக்கத்தை மற்றவர் முன் நிரூபிக்க வேண்டியிருந்தது. செல்வர்களிடம் அப்படி யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. தொழிலாளிக்கு ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்து, கூலி உயர்வுக்கான போராட்டத்திலிருந்து அவனைத் திசைதிருப்புகிறார்கள் என்று அக்காலச் சமதர்மவாதிகள் குறை கூறினார்கள். அக்குறையை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. நியாயமான கூலிக்குப் பதிலாக உருளைக்கிழங்கைக் கொடுப்பது அறமாகாது.

ஆனால் தோட்டத்தில் நின்றவர்களின் பக்கத்திலிருந்தும் நாம் பார்க்க வேண்டும். நிவாரண அலுவலகத்தின் வரிசையில் நிற்பவர் பெறுபவர் மட்டுமே. பாத்தியில் நிற்பவர் விளைவிப்பவர். அடுத்த பாத்திக்காரருக்குக் கீரை கொடுப்பவர். எப்போது விதைப்பது என்று சொல்லிக்கொடுப்பவர். சிற்றூரிலிருந்து நகரத்திற்கு வந்தபோது அவரிடம் இருந்த ஒரே செல்வம் உழவறிவு. தொழிற்சாலையில் அதற்கு மதிப்பில்லை. தோட்டத்தில் அது மீண்டும் மதிப்புப் பெற்றது. பெற்றுக்கொள்பவரைக் கொடுப்பவராக மாற்றும் உதவியே மேலான உதவி என்று நாம் கருதுகிறோம்.

சிறுவர்களின் கதையும் இதைச் சேர்ந்ததே. 1902-இல் நியூயார்க்கின் மேற்குப் பகுதியில், நெருக்கமும் வறுமையும் மிகுந்த ஒரு சுற்றுவட்டாரத்தில், பேனி பார்சன்ஸ் என்னும் பெண்மணி டி விட் கிளின்டன் பூங்காவின் ஒரு மூலையைச் சிறுவர் பண்ணையாக மாற்றினார். குப்பை மேடாகக் கிடந்த இடம் அது. அடுக்குமாடி இருட்டில் வளர்ந்த குழந்தைகள், கைக்குட்டைகளை விரித்து வைத்தாற்போன்ற சிறு பாத்திகளில் முள்ளங்கியும் கீரையும் பயிரிட்டார்கள். விதைத்தவுடன் முளைப்பதில்லை, காத்திருக்க வேண்டும். தன் பாத்திக்கும் பக்கத்துப் பாத்திக்கும் இடையிலுள்ள பாதை எல்லாருக்கும் பொது. இவ்விரண்டையும் பாடப்புத்தகத்தைவிட அந்தப் பண்ணை தெளிவாகக் கற்பித்தது. இன்று நாம் 'இயற்கைக் கல்வி' என்று சொல்வதற்கு அத்தகைய முயற்சிகளே முன்னோடிகள்.

மாதம் ஒரு டாலர்

ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழித்து அதே நியூயார்க் நகரம் மற்றொரு நெருக்கடியைச் சந்தித்தது. 1970-களில் தொழில்கள் வெளியேறின. நகராட்சியின் கருவூலம் காலியானது. ஏழைகள் வாழ்ந்த பகுதிகளில் வீட்டு உரிமையாளர்கள் கட்டடங்களைக் கைவிட்டார்கள். பல கட்டடங்கள் தீக்கிரையாயின. வரி கட்டாத மனைகள் நகராட்சியின் கைக்கு வந்தன. அவற்றில் உடைந்த செங்கல்லும் குப்பையும் குவிந்தன.

1973-இல் லிஸ் கிறிஸ்டி என்னும் ஓவியரும் அவருடைய நண்பர்களும் பவரி தெருவும் ஹூஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் இருந்த ஒரு வெற்று மனைக்குள் நுழைந்தார்கள். குப்பையை அள்ளினார்கள்; மண் கொட்டினார்கள்; அறுபது பாத்திகளை உயர்த்திக் கட்டினார்கள். 'பசுமைக் கெரில்லாக்கள்' என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். உள்ளே போக முடியாத மனைகளுக்குள், விதையும் உரமும் அடைத்த சிறு உருண்டைகளை வேலிக்கு மேலாக வீசினார்கள். அவர்கள் வீசிய குண்டு பூவாக வெடித்தது. 1974 ஏப்ரலில் நகராட்சி அந்த மனையை மாதம் 1 டாலர் வாடகைக்கு அவர்களிடம் கொடுத்தது. சட்டத்தின் கண்ணில் அத்துமீறியவர்கள், அந்த ஒரு டாலரால் குடியிருப்போர் ஆனார்கள்.

1978-இல் நகராட்சி 'கிரீன் தம்ப்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. நடுவண் அரசின் வட்டார வளர்ச்சி நிதியிலிருந்து அதற்குப் பணம் வந்தது. அது மக்களுக்குக் கொடுத்தவை மரப்பலகை, மண், விதை, கருவி, வேலி, பயிற்சி ஆகியவையே. மீதியை மக்களே கொண்டுவந்தார்கள். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள் தம் ஊர் வழக்கப்படி தோட்டத்தின் நடுவில் சிறு மரவீடுகள் கட்டினார்கள். தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின முதியோர் தம் இளமையில் அறிந்த கீரைகளைப் பயிரிட்டார்கள். பிறந்தநாளும் திருமணமும் இறந்தோர் நினைவும் தோட்டங்களில் கொண்டாடப்பட்டன. லிஸ் கிறிஸ்டி 1985-இல் இளம் வயதிலேயே மறைந்தார். அவர் தொடங்கிய தோட்டம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. நகராட்சி விரும்பும்போது, குறுகிய அறிவிப்பில், மனையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். நிலம் யாருக்கும் வேண்டாதிருந்தவரை அந்த வரியை யாரும் உரக்கப் படிக்கவில்லை.

நாபோத்தின் தோட்டம்

அரசர்கள் நூலில் நாம் அறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. ஆகாபு அரசன் அதைக் கேட்டான். அதற்கு ஈடாக நல்ல தோட்டம் தருவதாகவும், வேண்டுமானால் விலை தருவதாகவும் சொன்னான். அது மூதாதையரின் உரிமைச் சொத்து என்று நாபோத்து மறுத்தான். இறுதியில் பொய்ச்சாட்சியால் நாபோத்து கல்லெறியுண்டு இறந்தான். இதில் நாம் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உள்ளது. அரசன் அந்நிலத்தைக் கேட்டது தனக்குக் காய்கறித் தோட்டம் போடுவதற்காக! ஆகவே தோட்டம் என்னும் பெயராலேயே ஒன்று நீதியுடையதாகிவிடுவதில்லை. அது யாருடைய தோட்டம், யாரை அகற்றிவிட்டுப் போடும் தோட்டம் என்பதே எலியா இறைவாக்கினர் எழுப்பிய கேள்வி.

1990-களில் நியூயார்க்கின் நிலவிலை உயர்ந்தது. தோட்டங்கள் அமைந்த பகுதிகளுக்கே வசதி படைத்தோர் குடிவரத் தொடங்கினார்கள். மக்கள் குப்பையை அகற்றி, பூச்செடி வளர்த்து, தெருவை அச்சமின்றி நடமாடும் இடமாக ஆக்கியதும் அவ்விலை உயர்வுக்கு ஒரு காரணம். தாங்கள் உயர்த்திய மதிப்பே அவர்களுக்குப் பகையாயிற்று. 1999-இல் மேயர் ரூடால்ப் ஜூலியானியின் நிர்வாகம் 114 தோட்டங்களை மே மாதத்தில் ஏலம் விடப்போவதாக அறிவித்தது. நகரத்திற்கு வீடுகள் தேவை, நகராட்சியின் நிலம் சும்மா கிடக்கக் கூடாது என்பது நிர்வாகத்தின் வாதம். வீடற்ற ஏழைகள் நிறைந்த நகரத்தில் அவ்வாதத்தை வெறும் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஏலத்தில் மிகுதியாகக் கேட்பவருக்கே நிலம் போகும்; அங்கே ஏழைக்கு வீடு எழும் என்பதற்கு ஏலம் உறுதி தருவதில்லை.

மக்கள் மலர்களைப்போலவும் வண்டுகளைப்போலவும் வேடமிட்டு ஊர்வலம் சென்றார்கள், நீதிமன்றத்தை நாடினார்கள். ஏலத்திற்கு முந்திய நாள், பொது நிலங்களைக் காக்கும் ஓர் அறக்கட்டளையும், நடிகை பெட் மிட்லர் தொடங்கிய ஒரு சங்கமும் சேர்ந்து, ஏறத்தாழ 42 இலட்சம் டாலர் கொடுத்து அந்த 114 தோட்டங்களையும் வாங்கின. மாதம் ஒரு டாலரில் தொடங்கிய உரிமையைக் காக்க இறுதியில் இலட்சங்கள் தேவைப்பட்டன.

எல்லாத் தோட்டங்களும் தப்பவில்லை. கிழக்கு 7-ஆம் தெருவில் 'எஸ்பெரான்சா' என்னும் தோட்டம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தது. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு 'நம்பிக்கை' என்று பொருள். அதைக் காக்க இளைஞர்கள் குளிர்காலம் முழுதும் அங்கே முறைபோட்டுக் காவலிருந்தார்கள். 2000 பிப்ரவரி 15-ஆம் நாள் புல்டோசர் வந்தது. சிலர் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். அவர்கள் கைது செய்யப்பட்டு அகற்றப்பட்டார்கள். தோட்டம் தரைமட்டமானது. அன்றைய தினமே நீதிமன்றம் ஏனைய தோட்டங்களை அழிக்கத் தற்காலிகத் தடை விதித்தது. 'நம்பிக்கை' என்னும் தோட்டத்திற்கு அத்தடை சில மணி நேரம் தாமதமாக வந்தது. 2002-இல் அடுத்த மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் காலத்தில் உடன்பாடு ஏற்பட்டது. சில தோட்டங்கள் வீடுகளுக்காக விட்டுக்கொடுக்கப்பட்டன. பல நூறு தோட்டங்கள் காக்கப்பட்டன. இன்று அந்நகரத்தில் 550-க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் கிரீன் தம்ப் திட்டத்தின்கீழ் உள்ளன.

சிறு தொகை செய்வதும் செய்யாததும்

இவ்வரலாற்றை ஒருங்கே நோக்கும்போது நமக்கு இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன.

முதலாவது, சிறு தொகை சிறிய விளைவைத்தான் தரும் என்று எண்ணுவது தவறு. இதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. பிலடெல்பியா நகரத்தில் ஆய்வாளர்கள் 541 வெற்று மனைகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஒரு வகையில் குப்பையை அகற்றி, புல் விதைத்து, சில மரங்களை நட்டு, தாழ்வான மரவேலி அமைத்தார்கள். மற்றொரு வகையில் குப்பையை மட்டும் அகற்றினார்கள். மூன்றாவது வகையைத் தொடவேயில்லை. ஒரு மனையைப் பசுமையாக்க ஏறத்தாழ 1,600 டாலரும், அதைப் பேண ஆண்டுக்கு 180 டாலரும் செலவாயின. 2018-இல் முடிவுகள் வெளிவந்தன. வறுமை மிகுந்த பகுதிகளில், சீர்செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்திருந்தது. அருகில் வாழ்ந்தோரிடம் மனச்சோர்வும் குறைந்திருந்தது. குப்பையை அகற்றியதோடு நின்ற இடங்களில் மனச்சோர்வு அவ்வாறு குறையவில்லை. அசுத்தம் நீங்கினால் மட்டும் மனம் தேறுவதில்லை. அங்கே உயிருள்ள ஒன்று வளர வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

இரண்டாவது உண்மை கசப்பானது. சிறு தொகை விதையைத் தரும், கருவியைத் தரும், தொடங்கும் துணிவைத் தரும். நிலத்தின்மீது உரிமையை அது தருவதில்லை. டெட்ராய்டின் மேயர் தம் குதிரையை விற்றும் அதை வாங்கித்தர முடியவில்லை. நியூயார்க்கின் ஏழைகள் கால் நூற்றாண்டு உழைத்தும் அது தானாக வந்துசேரவில்லை. லெமீர் அடிகளார் இதை முன்பே கண்டுகொண்டதால்தான், காலையில் பாத்தியைப் பார்த்துவிட்டு மாலையில் சட்டமன்றத்தில் வாதாடினார். இரக்கமும் நீதியும் ஒரே ஏரில் பூட்டிய இரு காளைகள். ஒன்று மட்டும் இழுத்தால் ஏர் வட்டமடிக்கும். சால் நேராக ஓடாது.

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ், பொது இல்லமாகிய பூமியைப் பேணுவது பற்றிய தம் சுற்றுமடலில், தம் பகுதியிலுள்ள ஒரு பொது இடத்தை, ஒரு நீரூற்றை, ஒரு கைவிடப்பட்ட நினைவிடத்தைக் காக்க ஒன்றுகூடும் எளிய மக்கள் குழுக்களைப் பாராட்டியிருந்தார். அவர்களுடைய செயலால் அவ்விடம் மட்டும் சீரடைவதில்லை, அறுந்துபோன மனித உறவுகளும் முடிச்சிடப்படுகின்றன என்பது அவர் கருத்து. டெட்ராய்டும் சேந்த் எத்தியேனும் நியூயார்க்கும் அதற்குச் சான்று பகர்கின்றன.

இனி, நாம் தொடங்கிய 13 டாலர் 80 சென்டுக்குத் திரும்புவோம். எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசுகளைப் போட்ட ஏழைக் கைம்பெண்ணை இயேசு புகழ்ந்தார். தொகையின் சிறுமை அவர் கண்ணில் குறையாகப் படவில்லை. அப்படியானால் டெட்ராய்டின் காணிக்கையில் நாம் காணும் குறை யாது? கைம்பெண் தன் பிழைப்புக்கு உரிய எல்லாவற்றையும் போட்டாள். டெட்ராய்டின் செல்வர்களோ தங்களுக்கு எஞ்சியதிலும் எஞ்சியதைப் போட்டார்கள். ஆயினும் அந்தச் சில காசுகளைக் கொடுத்தவர்களுள் யாரேனும் ஓர் ஏழைச் சலவைக்காரியோ, வேலை இழந்த ஒரு போலந்துத் தொழிலாளியோ இருந்திருக்கக்கூடும். அவர்களுடைய காசு ஒரு விதைக் கிழங்காயிற்று. அந்தக் கிழங்கு ஒரு குடும்பத்தின் குளிர்கால உணவாயிற்று. அதை இழிவாகப் பேச நமக்கு உரிமை இல்லை.

நம் பங்குகளிலும் காணிக்கைத் தட்டு ஞாயிறுதோறும் சுற்றி வருகிறது. அதில் விழும் பணத்தை நாம் எண்ணுகிறோம். நம் கோயில் வளாகத்தின் மூலையில், பள்ளியின் பின்புறத்தில், கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் வேலையற்றுக் கிடக்கும் மண்ணை எண்ணியிருக்கிறோமா? அதனருகில் வேலையற்று நிற்கும் கைகளை எண்ணியிருக்கிறோமா? எண்ணிய பின், ஒரு பருவத்திற்கு இரவலாகக் கொடுக்கப் போகிறோமா, அல்லது விலை ஏறினாலும் திரும்பக் கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறோமா? பிங்க்ரீயிடம் குதிரை இருந்தது. நம்மிடம் என்ன இருக்கிறது என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிவோம்.